தோற்கிற அணியில் ஒரு பங்கு

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்டக் கிளப் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, பங்கு விற்றுப் பணம் சேர்த்தார்கள். ஹட்டனில் கடை வைத்திருக்கும் நானும், பிறந்த தோட்டமாயிற்றே என்று பத்துப் பங்கு வாங்கினேன். அதன்பிறகு அணி ஒரு மெட்ச்கூட ஜெயிக்கவில்லை. எனக்கு எரிச்சலாகிவிட்டது. மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு கிளப்பை இழுத்து மூடுவோம் என்று பங்குதாரர் கூட்டத்தில் நானே சொன்னேன். பலர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ராக்கம்மாக்கா எழுந்தார். கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே வந்திருந்தார். தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணத்தில் ஒரே ஒரு பங்கு வாங்கியவர்.

"மூட வேணாங்க மொதலாளி. என் மகன் கட்டார்ல வேல செய்யிறான். முன்னெல்லாம் போன் எடுத்தா, 'சாப்டியாம்மா'ன்னு கேட்டுட்டு வச்சிருவான். எனக்கும் பேச ஒண்ணும் தெரியாது. பங்கு வாங்குனதுலருந்து ஞாயித்துக்கெழமைன்னா அவனுக்கு நான்தான் மெட்ச் சொல்றேன். அரை மணி நேரம் பேசுறான்."

"நம்ம பசங்க தோத்துக்கிட்டே இருக்காங்களேக்கா?" என்றேன்.

"தோத்தா இன்னும் கூடப் பேசுவான் மொதலாளி."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டியில் படிக்கும் என் மகளும் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவள்தான். என் யோசனையை நானே திரும்பப் பெற்றேன்.

அடுத்த ஞாயிறும் எங்களுக்குத் தோல்விதான். நாலாவது கோல் விழுந்தபோது திரும்பிப் பார்த்தேன். ராக்கம்மாக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நானும் போனில் மகளைக் கூப்பிட்டேன்.

"நாம தோத்துக்கிட்டு இருக்கோம்மா, கேளு" என்றேன்.