அத்தானும் கல்லீரல் நொதியும்

என் அக்காளைக் கட்டிய மனிதர் பதினோரு வருடம் ஒரே ஒரு நொதியைத் தயாரித்தார். மனிதக் கல்லீரலில் சாராயத்தை உடைக்கிற நொதி. அதற்கான மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, பாக்டீரியாவைக் குடுவை குடுவையாக வளர்த்து, உடைத்து, வடித்து, சுத்தம் செய்து, சுண்டுவிரல் நுனியளவு குப்பிகளில் உறைய வைப்பார். ஆராய்ச்சிக்கூடங்கள் வாங்கிக்கொள்ளும். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. குடித்திருந்தாலாவது நாலு பேர் பழக்கம் கிடைத்திருக்கும்.

பிழைக்கத் தெரியாத மனிதர். அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் எல்லோரும் ஐஸ்காரர் என்பார்கள், அதற்கும் சிரிப்பார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் தனியறை வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். இவர் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு குளிரறையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கோணிவிட்டால் உரித்து மறுபடி ஒட்டுவார். முப்பத்திரண்டு வயதில் வீட்டோடு கிடந்த எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அக்காள் நச்சரித்திருப்பாள்.

கம்பெனியின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று சுத்தம் செய்த அன்றே அளந்துவிடுவார்கள். அந்த எண்தான் லேபிளில் ஏறும். உறைந்த பிறகும் ஒரு குப்பியை உருக்கிச் சோதிக்கலாம் என்று அத்தான் பல தடவை எழுதிக் கொடுத்தார்.

"நல்லா கல்லு மாதிரி உறைஞ்சிருக்குல்ல, அப்புறம் என்னய்யா?" என்றார் மேனேஜர்.

வெளியே நெடுநேரம் உருகிக் கிடந்து செத்த நொதியும் மறுபடி கல் மாதிரிதான் உறையும். அவ்வளவு பெரிய நாற்காலிக்கு இந்தச் சின்ன விஷயம் எட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஃப்ரீசரில் படிந்த பனியைச் சுரண்டச் சொன்னார்கள். அத்தான் லீவு. குப்பித் தட்டு ஒன்றை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுச் சுரண்டினேன். பிறகு சாப்பிடப் போனேன், அங்கேயே அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது சாயங்காலம். குப்பிகளுக்குள் தண்ணீர் ஆடியது. சத்தமில்லாமல் உள்ளே வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் எல்லாம் கல். எனக்கும் நிம்மதி. மேனேஜரின் அறிவு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவியிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் நொதியை வைத்துச் செய்த சோதனை எதுவும் நடக்கவில்லையாம். உனக்குக் கை வரவில்லை, மாதக் கடைசியில் கிளம்பிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். மூன்று வருட உழைப்பு. தப்பு என்னுடையதா உங்களுடையதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். மேனேஜர் பதிலை அடித்தே வைத்துவிட்டார்: பொருள் சரியானது, நீங்கள் கையாண்ட விதத்தில்தான் கோளாறு. அத்தான் கையெழுத்துப் போட்டால் போதும்.

போடுவாரா அந்த மகானுபாவர்? மாணவிக்குப் போன அதே தட்டிலிருந்து ஒரு குப்பியை உருக்கிக் கருவியில் வைத்தார். நொதி உயிரோடிருந்தால் திரையில் கோடு மேலே ஏற வேண்டும். தரையோடு படுத்துக் கிடந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள, அன்னிக்குப் பனி சுரண்டுறப்ப இந்தத் தட்டு வெளிய இருந்துச்சா?"

"இல்லியே அத்தான். ஒரு நிமிஷம்கூட இல்ல."

"சரி" என்றார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் உளறியிருப்பேன். கேட்கவில்லை.

மாணவிக்கு அவரே எழுதினார். உங்கள் கையில் தப்பில்லை, நாங்கள் அனுப்பிய நொதி செத்தது, அளவீட்டை இணைத்திருக்கிறேன், பேராசிரியரிடம் காட்டுங்கள் என்று. மேனேஜர் கத்தியது வாசல்வரை கேட்டது.

"யாரு பண்ண தப்புய்யா இது?"

"ஃப்ரீசர் என் பொறுப்பு சார்."

"அப்ப நீதான்யா கிளம்பணும்."

"சரி சார்."

பதினோரு வருடம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றேனே, நான் நன்றாகப் பிழைக்கத் தெரிந்தவன்.

இப்போது அவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறார். அவர் நாற்காலியில் நான். நேற்று அந்த மாணவியின் கடிதம் அவர் பெயருக்குக் கம்பெனிக்கு வந்தது, பிரித்துப் படித்தேன். புது நொதி வாங்கிச் செய்தாளாம், சோதனை நடந்ததாம், அவளை வைத்துக்கொண்டார்களாம். கொடுக்கலாம் என்று போனேன். அத்தான் வீட்டில் இல்லை. அக்காள் தட்டு வைத்துப் பரிமாறினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

"அக்கா, வேலை போனதப் பத்தி அத்தான் ஏதாவது சொன்னாரா?"

"அன்னிக்கே சொன்னாரு. தட்ட வெளிய வெச்சது அவன்தான், கேட்டதுமே முகம் வெளுத்துப்போச்சுன்னாரு. ரெண்டு பேரும் வேலையில்லாம நின்னா வீடு தாங்காது, நீ அவன ஒண்ணும் கேட்டுறாதன்னாரு."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் கேக்கலடா. சாப்பிடு."