பேய்ப் படம் பார்க்கும் அத்தை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பல்லடத்தில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். காபித் தட்டை ஏந்தி ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்த நான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் குனிந்தேன். அவர் டம்ளரை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்பார் என நினைத்தேன். அதற்கு முன் வந்துபோனவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். அவரோ குரலைத் தாழ்த்தி, "ஏங் கண்ணு, பேய்ப் படம் பாப்பியா?" என்றார். எனக்கு இருட்டில் கொல்லைப்புறம் போகவே பயம். ஆனால் அந்தக் கண்களில் இருந்த ஆசையைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பாப்பனுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெண் பிடித்திருக்கிறது என்ற பதில் அன்றைக்கே வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சூலூரில் புகுந்த வீடு. என் கணவர் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். பகலில் வீட்டில் அத்தை, மாமா, நான் மூவர்தான். மகன் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்த வீடியோ டெக்கை அத்தை தினமும் பட்டுத் துணியால் துடைப்பார். கேசட் எடுத்து வருவது மாமாவின் வேலை. ஐம்பத்தைந்து வயது மனிதர் கடையில் போய்ப் பேய்ப் படம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, "போன தடவை குடுத்தீங்களே, அதே மாதிரி ஒண்ணு" என்றுதான் கேட்பாராம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்குவோம். போர்வை ஏறியதும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருக்கும். சில நேரம் சரியாகக் கொலை நடக்கும் கட்டத்தில் விமானப்படை விமானம் ஒன்று கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போகும். திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்து கத்துவாள், சத்தம் மட்டும் கேட்காது. "நல்ல நேரம் பாத்து வந்தாம் பாரு" என்று அத்தை மேலே பார்த்துக் கடிந்துகொள்வார். பிறகு எழுந்துபோய் கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி, அந்தக் கத்தலை ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் மேலே நகர்வார்.

நான் திரையைப் பார்ப்பதில்லை. இதை முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டேன். அத்தைக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். படத்தின் வெளிச்சம் அந்த முகத்தில் நீலமாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டே இருக்கும். ஏதோ வரப்போகிறது என்றால் அவருடைய மெட்டி போட்ட கால்விரல்கள் மெல்லச் சுருளும். உடனே நான் கண்ணை மூடிக்கொள்வேன். விரல்கள் விரிந்தபின் திறப்பேன். இப்படியே ஒரு வருஷத்தில் எத்தனையோ படங்களை, ஒன்றைக்கூடப் பார்க்காமல், பார்த்து முடித்தேன்.

வெளிநாட்டுப் படங்களில் அத்தைக்கு மிகவும் பிடித்ததும் மிகுந்த கோபத்தைக் கிளப்பியதும் பண்டிகை நாளில் கொலை விழும் படங்கள்தான். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை. பனி கொட்டும் ஊர், விளக்குப் போட்ட மரம், பரிசுப் பெட்டியோடு படியேறி வரும் முகமூடிக்காரன். அத்தைக்குக் கொலைகாரன் மேல் கோபமில்லை, அந்த வீட்டுக்காரர்கள் மேல்தான். "நோம்பியன்னைக்கு ஊட்ல நாலே பேரு! நோம்பின்னா ஊடு பூரா ஒறம்பரைச் சனம் இருக்கோணும். இப்படி அநாதையாட்டக் கெடந்தா அவன் கொல்லாம வேறென்ன பண்ணுவான்?" என்பார். கொலைகாரன் ஆளில்லாத சமையலறைக்குள் நுழைந்து கத்தியை உருவினால் அவருக்குப் பொறுக்காது. "நோம்பியன்னைக்குச் சமையக்கட்டுல ஆளே இருக்காதாக்கும்? நம்மூட்டுக்கு வந்திருந்தா, 'வந்ததுதான் வந்தே, இந்த ரெண்டு தேங்காயத் துருவிக் குடுத்துட்டுப் போ'ன்னு உக்கார வெச்சிருப்பம்."

டி.வி.யில் வாராவாரம் வந்த ஒரு தொடரை அவர் மன்னிக்கவே இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் மலை பங்களாவில் போய்த் தங்கும் கதை. ஆளுக்கொரு பக்கமாகப் போய் மாட்டிக்கொள்வார்கள். பேய் வெள்ளைப் புடவையில் வரும், வந்தவுடன் விளம்பரம் வரும். "இத்தனை பளிச்சுன்னு இருக்குதே, பேய்க்கு ஆரு சீலை தொவச்சுக் குடுக்கறது?" என்று கேட்பார். இருந்தும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. நல்ல படம் என்பதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. "செத்தவளைத் தேடிக்கிட்டு ஒருத்தராச்சும் வரோணும் அம்மிணி. செத்தா, அடுத்தாளு செத்தான்னு போய்க்கிட்டே இருந்தா அது படமில்லே, கோழிக் கடை."

அத்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைபேசியில் இதே மாதிரித் தொடர்களைப் பார்க்கிறாள். முகமூடியும் பண்டிகையும் இன்னும் மாறவில்லை. ரத்தம் மட்டும் நிஜம்போல இருக்கிறதாம். போன பொங்கலுக்கு அத்தை அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தனியா உக்காந்து எப்படித்தான் பயப்படறாளோ" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகும்போது நான் உண்டானேன். செய்தி தெரிந்த அன்றைக்கே அத்தை டெக்கை மூடி வைத்துவிட்டார். "கொழந்தை பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு உள்ளூர நிம்மதி. மத்தியானங்களில் ஜன்னல்கள் திறந்திருந்தன. நான்காம் மாதத்தில் ஒரு காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோயமுத்தூருக்குக் காரில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா அத்தையையும் என்னையும் உட்காரவைத்து, இது பலருக்கும் நடப்பதுதான், நீங்கள் செய்த எதனாலும் இல்லை, செய்யாத எதனாலும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார்.

வீடு திரும்பிய பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தார்கள். என் கணவர்கூட மழையைப் பற்றியும் பட்டறையைப் பற்றியுமே பேசினார். மூன்றாம் நாள் அத்தை என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தியா கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்த வாரம் மாமாவின் அக்கா பார்க்க வந்தார். நான் அவரைப் பெரியம்மா என்பேன். அத்தைக்கு அவர் நங்கையா. திருத்தமாகப் பேசுகிறவர், பாசமானவர். ஒரு கூடை மாதுளையோடு வந்திருந்தார். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். கூடத்தில் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. "தப்பா நெனச்சுக்காதே. வந்த புள்ளைய ஒரு வருசமா இருட்டுல உக்கார வெச்சுக் கொலையும் ரத்தமுமாக் காட்டுனே. அப்பறம் வகுத்துல எப்படித் தங்கும்?"

அத்தை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனை பேய்களுக்கும் கொலைகாரர்களுக்கும் பதில் சொன்னவர்! "காபி ஆறுதுங்க நங்கையா, எடுத்துக்கங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

மறுநாள் டெக் பரணுக்குப் போயிற்று. அதன் பிறகு டி.வி.யில் காலையில் பக்திப் பாட்டு, மாலையில் செய்தி, அவ்வளவுதான். மாமாவுக்கு இனி டீக்கடைக்குப் போகக் காரணமே இல்லை என்று ஆகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். அத்தை என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசுவது குறைந்திருந்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, அணைந்து கிடந்த டி.வி.க்கு முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

அடுத்த நாள் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு காந்திபுரத்துக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக் கேசட் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட கடைக்குப் போய், இருப்பதிலேயே பயமான படமாக ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குங்களா?" "எங்க அத்தைக்குங்க." அவர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார்.

அத்தை கேசட்டைத் தொடவில்லை. "வேண்டாங் கண்ணு. ஊருல பேசறாங்க."

"டாக்டரம்மா சொன்னதை நீங்களுந்தானே கேட்டீங்க?"

"கேட்டேன். காது கேட்டுது, மனசு கேக்க மாட்டீங்குது. ஒருவேளை நாந்தான் காரணமோன்னு தெனம் நெனச்சுக்கறேன்." இதைச் சொல்லும்போதும் சுவரைத்தான் பார்த்தார்.

இத்தனை நாள் அவர் சுமந்துகொண்டிருந்தது பெரியம்மாவின் சொல்லை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, நான் ஒரு படமும் பாக்கவே இல்லைங்க. மொத நாள்லேருந்து உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கொலை வந்தா கண்ணை மூடிக்குவேன். ஒரு சொட்டு ரத்தம் நான் பாத்ததில்லை."

என்னை நம்புவதா வேண்டாமா என்று அத்தை யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு அவர் வாயோரம் மெல்லக் கோணியது. "அப்ப ஒரு வருசமா என் மூஞ்சியப் பாத்துத்தான் பயந்துக்கிட்டு இருந்தியாக்கும்?" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் அப்படியே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் வெகுநேரம் குலுங்கின. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மாமா பரணிலிருந்து டெக்கை இறக்கினார். யாரும் சொல்லாமலே துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

பனி பெய்யும் ஊரில் பண்டிகை நாள். தனி வீட்டில் ஒரு பெண், வெளியே ஒருவன். இந்த முறை நான் அத்தைக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, திரையைப் பார்த்தேன். பாதிப் படத்தில் வாசல் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. பெரியம்மா, கையில் பையோடு. போர்வை கட்டிய ஜன்னலையும் எங்களையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தையின் கை என் கையை இறுக்கியது. நான் எழுந்திருக்கவில்லை, அத்தையையும் எழ விடவில்லை.

திரையில் அந்தப் பெண் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு வாயைப் பொத்தியிருந்தாள். அவன் காலடி அறைக்குள் வந்தது. பெரியம்மா திட்டத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் கண் திரைக்குப் போய்விட்டது. கதவைப் பிடித்தபடியே நின்று பார்த்தார். காலடி கட்டிலருகே வந்து நின்றது. பெரியம்மாவின் பை மெல்லத் தரையில் இறங்கியது.

"ஏம்மிணி," என்றார் மெதுவாக, "அந்தப் புள்ளை பொழச்சுக்குமா?"

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, நேராக என் கண்ணை.

"பொழச்சுக்குவா. கதவைச் சாத்திப்போட்டு இப்படி வந்து உக்காருங்க நங்கையா."