கடல் தாண்டவிருந்த என் மகளை மாரியம்மன் திருப்பித் தந்தாள்

அம்மன் வாசலில் கூடியிருக்கும் தாய்மாரே, என் வாழ்க்கையில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நான். நானும் புருஷனும் பிரிந்தபோது மகள் சரோஜாவுக்கு எட்டு வயது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எனக்கென்று ஒரு காம்பரா, ஒற்றை அறைகூடக் கிடையாது. அண்ணன் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டிருந்தேன். அதனால் பிள்ளை தகப்பனிடமே இருக்கட்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பானது. அவர் கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பார்வதி என்ற பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டார். மாதம் ஒருமுறை போய் மகளைப் பார்த்து வருவேன்.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது, ஒரு மார்கழியில், அந்தச் சேதி வந்தது. அவர் இலங்கையை விட்டுக் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடப் போகிறாராம். பாஸ்போர்ட்டும் கிடைத்துவிட்டதாம். எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை, அந்த நாட்டுக் கடுதாசியும் இல்லை. கப்பலேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் என் பிள்ளையை எந்த ஊரில் தேடுவேன்? பஸ் ஏறி ஓடினேன். வாசலிலேயே மறித்தார்.

"கோர்ட்டே எங்கிட்டதான குடுத்திருக்கு? அங்கயே போய்க் கேளு."

உள்ளே சரோஜா அழுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லை.

ஹட்டனில் வக்கீல் வேலை பார்க்கும் ஒரு புரக்டரைப் பிடித்து, பழைய தீர்ப்பை மாற்றச் சொல்லி மனுப் போட்டேன். அதற்குள் எனக்குத் தனிக் காம்பரா கிடைத்திருந்தது. ஆனாலும் புரக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. "புள்ள வாயத் தொறந்து ஒங்ககூட வாறேன்னு சொன்னாத்தான் ஏதாச்சும் செய்யலாம்மா" என்றார்.

வழக்கு எடுத்த முதல் தவணையில் நீதவான் சரோஜாவிடம் யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார். மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார். சரோஜா பேசவே இல்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகு இங்கிலீசில் என்னென்னவோ பேசினார்கள். என் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அடுத்த தவணை என்றார்கள். அவள் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நேரே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் விழுந்தேன். நேர்த்திக்கடன் வைக்கவும் வார்த்தை வரவில்லை. "என்னால ஆகல தாயே. நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் சோறு இறங்கவில்லை. மலையில் கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும், கண் பாட்டுக்கு வடியும்.

இரண்டாம் தவணையில் சரோஜாவின் தகப்பனுடைய புரக்டர் பார்வதியைக் கூண்டில் ஏற்றினார். அவள் நிறைமாதக்காரி. பிள்ளையை நன்றாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல வந்தவள். எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டேன்.

பார்வதி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நீதவானைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நான் நல்லாத்தாங்க வச்சிருக்கேன். ஆனா புள்ள தூக்கத்துலயும் அம்மா, அம்மான்னு பொலம்புது. வாயத் தொறந்தா ஒங்க அம்மாவ ஜெயில்ல போட்டுருவாங்கன்னு இவரு சொல்லி வச்சிருக்காரு. அதாங்க அன்னைக்குப் பேசல. நானும் வயித்துல ஒண்ணச் சொமக்கிறவ சாமி, பொய் சொல்ல மாட்டேன்."

நீதவான் சரோஜாவைப் பக்கத்தில் அழைத்தார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாமல் சொல் என்று மொழிபெயர்ப்பவர் சொன்னார்.

"அம்மாகிட்ட போறேங்க" என்றாள் என் மகள்.

தீர்ப்பு மாறியது. வெளியே வந்து பார்வதியின் கையைப் பிடித்தேன். "அவரு ஒன்னய சும்மா விடுவாரா தாயி?" என்றேன்.

"பாத்துக்கலாம் அக்கா. நீங்க புள்ளையக் கூட்டிக்கிட்டு மொதல்ல பஸ் ஏறுங்க."

மாசியில் அவரும் பார்வதியும் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவளுக்கு என்ன பிள்ளை பிறந்தது, எந்த ஊரில் இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. அவளுக்காக என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. சரோஜாவும் நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனிடம் அவளைத்தான் ஒப்படைக்கிறோம்.

கைவிடப்பட்டோம் என்று நினைக்கிற தாய்மாரே, அம்மனிடம் வாருங்கள். யார் வழியாக வருவாள் என்று நமக்குத் தெரியாது, ஆனால் வருவாள். நீங்கள் கோயிலுக்கு வரும்போது பார்வதி பேரைச் சொல்லியும் ஒரு சூடம் ஏற்றுங்கள்.