முனையில் திரும்பிய மாதா

காஜா பெராங்கில் என் வீட்டு வாசலில் மாதா சப்பரம் நிற்கிறது. மெழுகுவர்த்திப் புகை உள்ளே வருகிறது. அந்த வாசனை எனக்கு ஆகாது.

மெர்டேக்கா, நாட்டுச் சுதந்திரம், கிடைத்த வருடம், இதே இடத்தில் குப்பை வாரும் எங்கள் குடும்பங்களின் வரிசைவீட்டு லயம் இருந்தது. மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க லயத்து ஆண்கள் வேண்டும். ஆனால் சப்பரம் லயத்துக்குள் வராது, தெருமுனையோடு திரும்பிவிடும்.

"இந்த வருஷமாச்சும் மாதா எங்க பக்கம் வரட்டும் ஐயா," என்று அப்பா கமிட்டித் தலைவரிடம் கேட்டார்.

"பாதை ஒரே சேறு, அந்தோணி. சப்பரம் சாஞ்சிடும்."

லயத்து ஆண்கள் கல் கொட்டிப் பாதையை மேடாக்கினார்கள். திருவிழா மாலையில் அம்மா வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தாள். சப்பரம் முனைக்கு வந்தது.

"திருப்புங்கப்பா, நேரமாச்சு," என்றார் தலைவர்.

திருப்பிய தோள்களில் ஒன்று அப்பாவுடையது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

இப்போது கமிட்டிப் பெண் ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். "ஆன்ட்டி, மாதா வந்திருக்காங்க, திறங்க."

"முனைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக்கோம்மா," என்கிறேன். "மாதாவுக்கு அது பழக்கம்தான்."