கீழ்த்தளத்துக்கு அண்ணி போட்ட ஐந்து மதிப்பெண்

என் அண்ணி விளையாட்டுகளுக்கு மதிப்பெண் போடுகிறவர். மைதானத்தில் ஆடும் விளையாட்டு இல்லை, கணினியில் ஆடுவது. மாதம் ஒருமுறை வரும் ஒரு பத்திரிகையில் பதினோரு வருடமாக இதுதான் வேலை. புதிதாக வரும் விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கம் எழுத வேண்டும், அடியில் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண் போட வேண்டும். எண் விஷயத்தில் அவருக்குக் கை இறுக்கம். அலுவலகத்தில் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஏழு வாங்கிய கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக அங்கே பக்கம் வடிவமைக்கிறவர் ஒருமுறை சொன்னார்.

பயமுறுத்தும் விளையாட்டுகள் எல்லாம் அண்ணிக்கே வரும். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆடும்போது கையில் நாடித் துடிப்பு காட்டும் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்வார். தொடங்கும்போது துடிப்பு இத்தனை, உச்சத்தில் இத்தனை என்று கட்டுரையின் கடைசி வரியில் போட்டுவிடுவார். வாசகர்களில் பாதிப் பேர் அந்த வரியை முதலில் படித்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். முப்பத்து நாலு வயதாகியும் அண்ணிக்கு நான் குட்டிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கடைக்குப் போன அண்ணன், சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்து சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பத்தொரு வயது. “நாலாவது வரி வரைக்கும் தப்பில்லாம வாசிச்சாருங்க” என்று கடைக்காரர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழுதேன், பஸ்ஸில் அழுதேன், வேலைக்குத் திரும்பிய பிறகும் டோக்கன் கொடுத்துக்கொண்டே அழுதேன். பல்வலியோடு வந்த ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அழவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டார். அண்ணனின் கருவிப் பெட்டியைத் துடைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தார். அவன் சட்டைகளை மடித்து அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினார். “கல்லு மாதிரி இருக்காளே” என்று அவருடைய சொந்த அக்காவே என் காதில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

நாலாவது மாதம் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. இரண்டு வருடம் முன்பு உப்புச் சுரங்கம் என்று ஒரு விளையாட்டு வந்திருந்தது. மூடிப்போன ஒரு சுரங்கத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்ட ஆளாக நாம் இருப்போம். எல்லாம் நம் கண் வழியாகவே தெரியும். திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த நம் கை மட்டும் இருக்கும். அண்ணி அதற்கு ஒன்பது போட்டிருந்தார். அவர் போட்டதிலேயே பெரிய எண் அதுதான். அதை ஆடும்போது அவர் பயத்தில் மவுஸைத் தூக்கி எறிய, அது அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயில் போய் விழுந்தது. ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் அவன்.

இப்போது அதே விளையாட்டோடு இணைத்து ஆட ஒரு கூடுதல் பாகம் வந்திருந்தது. பெயர் கீழ்த்தளம். தண்ணீர் புகுந்த ஒரு அடித்தளம், ஐந்தே ஐந்து தோட்டா, இருட்டில் ஒரு ஜந்து. அதற்குக் கண் கிடையாது. சத்தத்தை வைத்துத்தான் வரும். அதனால் சுட்டாலும் ஆபத்து, சுடாவிட்டாலும் ஆபத்து. ஐந்து மணி நேரம் ஆடலாம்.

அண்ணி பகலிலேயே திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் இரண்டு தடவை டீ கொண்டுபோய் வைத்தேன். பட்டாணி உரிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆடினார். மறுநாள் எழுதி அனுப்பிவிட்டார். எழுதியதை என்னிடமும் காட்டினார். நேர்த்தியான கட்டுரைதான். எதை எங்கே வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் எப்படி விழுகிறது, தோட்டாவைக் குறைத்தது ஏன் நல்ல யோசனை என்றெல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி முடிந்திருந்தது: “எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. எனக்குப் பயமாக இல்லை. பயமில்லாத பயமுறுத்தலுக்கு இதற்கு மேல் தர முடியாது. தொடக்கத்தில் துடிப்பு 68, உச்சத்தில் 70. மதிப்பெண் ஐந்து.”

பத்திரிகை வந்த அதே வாரம் மற்ற விமர்சனங்களும் வந்தன. ஒருவர் ஒன்பது. இன்னொருவர் எட்டரை. தண்ணீர்ச் சத்தம் கேட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வாசல்வரை போய் நின்றதாக ஒருவர் எழுதியிருந்தார். குறை சொன்னவர்களும் சின்னக் குறைதான் சொன்னார்கள். சீக்கிரம் முடிந்துவிடுகிறது, வரைபடம் குழப்புகிறது, முதல் பாகத்தை ஆடாதவர்களுக்குக் கதை புரியாது, இப்படி. எல்லாருடைய மதிப்பெண்ணையும் சேர்த்துச் சராசரி போடும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் மேலிருந்து கீழே பச்சைக் கட்டமாக வந்து, கடைசியில் அண்ணியின் ஐந்து மட்டும் மஞ்சளாக நின்றது.

வாசகர்கள் விடுவார்களா? அந்தம்மா தூங்கிக்கொண்டே ஆடினாரா என்று ஒருவர். கடிகாரத்தை நாற்காலிக் கையில் கட்டிவிட்டாரா என்று இன்னொருவர். நெஞ்சில் இதயம் இருக்கிறதா இல்லையா என்று டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒருவர். அதற்கு மட்டும் நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அண்ணி எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார்.

“எதுக்கு அண்ணி இதையெல்லாம் படிக்கறீங்க?”

“வேலைல இதுவும் சேர்த்திதான்.”

“கோவம் வரலையா?”

“வரணும்” என்றார்.

அதற்கடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த விளையாட்டுக்கு ஒலி அமைத்தவர் அனுப்பியது. பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும் கம்பெனி அது. “மேடம், கோபத்தில் எழுதவில்லை. உங்கள் ஒன்பதைப் பார்த்துத்தான் இந்தப் பாகத்தைச் செய்யத் துணிந்தோம். தண்ணீர்ச் சத்தத்துக்கு மட்டும் எட்டு மாதம் ஆனது. எந்த இடத்தில் பயம் விட்டுப்போனது என்று சொன்னால் அடுத்ததில் திருத்திக்கொள்வேன்.” அவ்வளவுதான்.

அண்ணி மூன்று நாள் அந்த மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தார். பதில் எழுத வரவில்லை. எந்த இடத்தில் விட்டுப்போனது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “குட்டி, ஒரு உதவி செய்றியா? இத கொஞ்சம் ஆடிப் பாரு” என்றார்.

“எனக்கு ஃபோன்ல மிட்டாய் உடைக்கறதே ஒழுங்கா வராது அண்ணி.”

“ஒழுங்கா ஆட வேணாம். சும்மா நட.”

கடிகாரத்தை என் கையில் கட்டினார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். எந்தச் சாவிக்கு எது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை.

முழங்கால் அளவு தண்ணீர். ஒரு டார்ச். நான் நடந்தால் தண்ணீர் சளக் சளக்கென்றது. நின்றால் அது நின்றது. சில நிமிடம் கழித்து, நான் நின்ற பிறகும் ஒரு சளக் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு என் இடது காதுக்குப் பக்கத்தில், யாரோ மூச்சை அடக்கி அடக்கி மெதுவாக விடுகிற சத்தம். எனக்கு அதற்கு மேல் ஞாபகமில்லை. ஐந்து தோட்டாவையும் சுவரில் சுட்டிருக்கிறேன். நாற்காலி மல்லாந்து கிடந்தது. கத்தியதில் தொண்டை எரிந்தது.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுத் தையல்காரர் கையில் இஞ்ச் டேப்போடு மூச்சிரைக்க நின்றார்.

“என்னம்மா, யாராச்சும் விழுந்துட்டீங்களா?”

“இல்லண்ணே, பேய்” என்றார் அண்ணி.

“அப்ப சரி” என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

கடிகாரத்தில் 131 இருந்தது. பட்டப்பகல், மூன்று மணி, ஜன்னலுக்கு வெளியே வெயில். இருந்தாலும் குளியலறைக்குத் தனியாகப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். குழாயைத் திறக்கக்கூடப் பயம். தண்ணீர்ச் சத்தம் கேட்குமே.

“குட்டி, அது நல்ல விளையாட்டுதான், இல்ல?” என்று வெளியிலிருந்து கேட்டார்.

“பாவிங்க, நல்லா இருப்பாங்களா அவங்க.”

“எனக்கு ஒண்ணுமே ஆகல.” குரல் சாதாரணமாக இருந்தது. “அது பின்னாடி வந்து நிக்குதுன்னு தெரியுது. வா, வந்துட்டுப் போன்னு இருக்கு. அவ்ளோதான்.”

“எப்பலேர்ந்து அண்ணி இப்படி?”

“கண்ணாடிக் கடைலேர்ந்து ஃபோன் வந்துச்சே, அப்பலேர்ந்து. ரோட்டக் கடக்கும்போதுகூட ஒண்ணும் தோண மாட்டேங்குது. அதான் இந்தப் பக்கம் ரெண்டு தடவ, அந்தப் பக்கம் ரெண்டு தடவ பாத்துட்டுக் கடக்கறேன். மனசு சொல்லலைன்னா நாமளாத்தான பாக்கணும்.”

நான் கதவைத் திறந்துகொண்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை அவரும் அழுவார் என்று நினைத்தேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். டீக் கோப்பைகளைக் கழுவினார். கல் என்று நினைத்தேனே, அதற்காக அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை விட அவர்தான் மோசமாக அடிபட்டிருந்தார். ரத்தம் வராத அடி.

திங்கட்கிழமை அவர் ஆசிரியர் முன்னால் போய் நின்றார். அங்கே நடந்ததைப் பக்கம் வடிவமைக்கிறவர் பிறகு எனக்குச் சொன்னார்.

“மார்க்கத் திருப்பி எடுத்துக்கறேன் சார்” என்றிருக்கிறார் அண்ணி.

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். “இவ்ளோ பேர் திட்டினப்புறம் மாத்தினா பயந்துட்டோம்னு சொல்வாங்க. இல்லன்னா கம்பெனிக்காரன் கவனிச்சுட்டான்னு சொல்வாங்க. எது பரவால்ல உங்களுக்கு?”

“மாத்தல சார். வேற மார்க் போடற தகுதியும் எனக்கு இப்ப இல்ல. அந்த அஞ்சு மார்க், விளையாட்டுக்குப் போட்டது இல்ல. அதான் எடுத்துக்கறேன்.”

“பதினோரு வருஷத்துல நீங்க ஒரு தடவ பின்வாங்கினதில்ல.”

“ஆமா.”

ஆசிரியர் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டாராம். பிறகு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அரைப் பக்கம் போதும் என்று சொல்லி, அதைவிடக் குறைவாகவே எழுதிக் கொடுத்தார் அண்ணி. “கணவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எதற்கும் பயம் வரவில்லை. வேறு எதுவும் வரவும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுவிட்டேன். தராசு கெட்டுப்போயிருந்தது, சரக்கு அல்ல. இதே விளையாட்டை என் நாத்தனார் ஆடினாள். துடிப்பு 131.” அவ்வளவுதான் அதில் இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை ஓரிடத்தில் இருந்தது, ஒலி அமைத்தவருக்கு.

அதற்கும் திட்டினார்கள். சொந்தக் கதையைச் சொல்லிப் பரிதாபம் தேடுகிறார் என்றார்கள். அப்படியானால் பழைய ஒன்பதுக்கும் நம்பிக்கை இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி என்றார் அண்ணி. இன்னொரு பக்கம் கடிதங்கள் வந்தன. மகளைப் பறிகொடுத்த ஒரு சமையல்காரர் எழுதியிருந்தார். தனக்கு அதன் பிறகு உப்பு உறைப்பது தெரியவில்லை என்றும், எட்டு மாதம் இன்னொருவரை ருசி பார்க்க வைத்துத்தான் சமைத்ததாகவும் எழுதியிருந்தார். இதைக் கடையில் யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன் என்று முடித்திருந்தார். அண்ணி அதற்கு மட்டும் பதில் எழுதினார். சராசரி போடும் இணையதளம் எண்ணை எடுக்க மறுத்துவிட்டது. போட்டது போட்டதுதான் என்பது அவர்கள் விதி. அந்த மஞ்சள் கட்டம் இன்னும் அங்கே இருக்கிறது.

ஒலி அமைத்தவரிடமிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அண்ணிக்கு இரண்டு வரி, மரியாதையாக. மீதி முழுக்க என்னைப் பற்றி. அந்த 131 யாருடையது, எந்த இடத்தில் வந்தது, அடுத்த பாகத்தின் அரைகுறை வடிவத்தை அனுப்பினால் அவர் ஆடிப் பார்த்துச் சொல்வாரா என்று கேட்டிருந்தார். முடியவே முடியாது என்றேன். பிறகு ஆடினேன். இதுவரை நாலு தடவை ஆகிவிட்டது. கீழ் வீட்டுத் தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

அண்ணி விமர்சனத்தை விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தை இப்போது வேறொருவர் எழுதுகிறார், தாராளமாக எட்டு எட்டாகப் போடுகிறார். அண்ணி அதே பத்திரிகையில் வழிகாட்டிப் பக்கம் எழுதுகிறார். எந்தக் கதவை எப்படித் திறப்பது, எந்தப் பாலத்தை எந்தப் பக்கம் கடப்பது, மாட்டிக்கொண்டால் எப்படித் திரும்புவது. அதற்குப் பயமோ சந்தோஷமோ தேவையில்லை, தப்பில்லாமல் இருந்தால் போதும். வரைபடங்களைக் கையாலேயே வரைகிறார். மாட்டிக்கொண்டவர்கள் எழுதிக் கேட்டால் அன்றைக்கே பதில் போகிறது.

அண்ணன் போய் ஒன்றரை வருடம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி மேசையில் ஒரு கோட்டையின் படத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப எப்படி இருக்கு அண்ணி?” என்று கேட்டேன். என்னவோ அன்றைக்குக் கேட்கத் தோன்றியது.

பேனாவை மூடினார். உண்மையாகவே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

“தெரியல குட்டி. பசிக்குது.”

இத்தனை நாளில் அவராக அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. நேரம் ஆனால் தட்டின் முன்னால் வந்து உட்காருவார், அவ்வளவுதான். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். ரொட்டி இருந்தது, இரண்டு முட்டை இருந்தது. அண்ணி பின்னாலேயே வந்து, நான் அடுப்பைப் பற்றவைக்கும் வரைக்கும்கூடக் காத்திருக்காமல், ரொட்டியை வெறுமனே பிய்த்துத் தின்றுகொண்டு நின்றார்.