வெள்ளிக்கிழமைச் சாம்பாரும் சனிக்கிழமைக் கஞ்சியும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய திதிக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சமையற்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தவர்களுக்கும் வணக்கம். பந்திக்கு இன்னும் நேரமிருக்கிறது. அதற்குள் உங்கள் கையில் கொடுத்திருக்கும் இந்த நினைவுமடலைப் படித்துவிடலாம்.

அண்ணன் உடையார்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். அப்பா காலமானதும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூருக்கு வந்து சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அம்மா முடக்குவாதத்தில் படுத்துவிட்ட பிறகு அடுப்பும் அவர் பொறுப்பாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு, வியாபாரிகள் கடை கட்டும் நேரத்தில்தான் அண்ணன் போவார். குழம்பை முடிவு செய்துவிட்டுக் காய் வாங்குகிறவர் அல்லர். மலிவாகக் கிடைத்த காயைப் பார்த்து வாரம் முழுவதற்கும் குழம்பை முடிவு செய்வார். சீக்கிரம் வாடும் கீரை அன்றிரவே. அடிபட்ட தக்காளி திங்கள்கிழமைத் தொக்கு. பிறகு வெண்டை, கத்தரி. பல நாள் தாங்கும் பூசணி வெள்ளிக்கிழமைச் சாம்பார். மீந்ததைச் சுண்டவைத்தால் சனிக்கிழமையும் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. இப்படி மிச்சம் பிடித்துத்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார்.

ஆனால் சனிக்கிழமைக்குச் சாம்பார் மீந்ததே இல்லை. பாடாலூரிலிருந்து எங்கள் சித்தப்பா வெள்ளிக்கிழமைதோறும் வெங்காய மண்டிக்கு வருவார். வேலை முடிந்ததும் சித்தியையும் மகனையும் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு, வெறுங்கையோடு. "ஒன் கைப்பக்குவம் யாருக்குடா வரும்? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்பார். சட்டி காலியாகிவிடும். மறுநாள் எங்களுக்குக் கஞ்சியும் ஊறுகாயும்தான்.

ஒருமுறை சித்தப்பா நாள் மாறிச் சனிக்கிழமை வந்தார். கஞ்சியைப் பார்த்தார். அதன்பிறகு கல்யாண வீடு, காதுகுத்து என்று ஓரிடம் விடவில்லை. "அவன் வூட்டுல கஞ்சித்தண்ணிதாங்க. லாரி ஓட்டுறான், காச எங்க பொதச்சி வெச்சிருக்கான்னு தெரியல." முதல் நாள் சாம்பார் யார் வயிற்றுக்குப் போனது என்பதை மட்டும் அவர் எங்கும் சொல்லவில்லை.

அரியலூரில் அண்ணனுக்கு ஒரு பெண்ணைப் பேசி முடித்தோம். தாம்பூலம் மாற்ற வேண்டிய நாளில் பெண்ணின் தாயார் என்னைத் தனியே அழைத்து, "ஒங்க வூட்டுல சோறு பொங்கறதே இல்லையாமே, நெசந்தானா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அண்ணன் அதற்குப் பிறகு பெண் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை.

"இனிமே வெள்ளிக்கிழமை வூட்டப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிடுவோம்ண்ணா" என்று நான் அழுதேன்.

"சாப்பிட வர்றவங்கள வராதீங்கன்னு சொல்ல முடியுமா பாப்பா? ஒரு நாள் கஞ்சி குடிச்சா கொறஞ்சா போயிடுவோம்" என்றார் அண்ணன். அடுத்த வாரமும் பூசணிக்காய் பெரியதாகவே வாங்கினார். அந்தப் பெருந்தன்மை அவரோடு போயிற்று. எனக்கு அது துளியும் கிடையாது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவரை நான் மன்னிக்கவில்லை.

மாரடைப்பில் அண்ணன் சரிந்தபோது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய லாரி நண்பர்களுக்கும், கடைசிக் கூறுக் காயை அவருக்கென்று எடுத்துவைத்த சந்தைக்கார அக்காவுக்கும், அண்ணன் போன துக்கத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து சோறு கொண்டுவந்த பாய் வீட்டாருக்கும் என் கண்ணீர் கலந்த நன்றி.

வடை பாயசத்தோடு பந்தி போடாவிட்டால் குடும்பத்துக்கே அவமானம் என்று சித்தப்பா சமையல்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இன்று சனிக்கிழமை. அண்ணன் படத்துக்கு முன்னால் படைத்திருப்பதும் உங்கள் முன்னால் வரப்போவதும் ஒன்றுதான். சித்தப்பாவுக்கு நானே என் கையால் ஊற்றுவேன். இன்னும் இரண்டு கரண்டி வேண்டுமென்றால் அவர் கூச்சப்படாமல் கேட்கலாம்.