கொரட்டூர்க் காலனியில் யாருக்கு ஓட்டு

ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஃபெபி பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். அமெரிக்க வரலாறு அவள் பாடம். சொத்தில்லாத வெள்ளைக்கார ஆண்களுக்கும் ஓட்டு கிடைத்த காலத்தைச் சொல்லும்போது குரல் துள்ளும். அதே காலத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்ததையும், நியூ ஜெர்சியில் அதுவரை ஓட்டுப் போட்டுவந்த பெண்களை 1807-இல் சட்டம் போட்டு விலக்கியதையும் சொல்லும்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். "எழுதிக்காதீங்க, முதல்ல கேளுங்க" என்பாள்.

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்துக் காலனியில் வாடகைக்கு இருந்தாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர ஓனர் தயங்கியதால் அக்ரிமென்ட் அண்ணன் ஜோஸ் பெயரில். அவன் இருப்பதோ மஸ்கட்டில்.

காலனிச் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. மழைத்தண்ணீர் புகுவது கீழ்த்தள வாடகைக்காரர்கள் வீட்டில். கால்வாய் வெட்டலாமா என்று முடிவெடுப்பது மாடியிலிருக்கும் சொந்தக்காரர்கள். ஃபெபியும் எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆட்டோக்காரர் பூபாலனும் படியேறிப் படியேறிக் கையெழுத்து வாங்கி, சென்ற வருடம் விதியை மாற்ற வைத்தார்கள். வாடகைக்காரருக்கும் ஓட்டு! பூபாலன் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார்.

தேர்தலன்று பட்டியலில் ஃபெபியின் பெயர் இல்லை.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுதான் மேடம். அக்ரிமென்ட்ல யார் பேரோ அவங்க வரணும்" என்றார் செயலாளர் ஜெகதீஷ் சங்கடத்தோடு.

 ஃபெபி வாசல் பக்கம் திரும்பினாள்.

பூபாலன் தன் ஓட்டுச் சீட்டை மேசைமேல் வைத்தார். "இன்னா நைனா இது? கையெழுத்து வாங்கினு அலைஞ்சது அந்தம்மா, ஓட்டு எனக்கா? அவங்களுக்கு இல்லாதது எனக்கும் வாணாம்."

"நானும் இவரு ஊட்லதான் கீறேன். என் பேரு எங்க?" என்றாள் அவர் மனைவி புஷ்பா.

பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சீட்டை வைத்தார்கள். பதினான்கு சீட்டு. தேர்தல் நின்றது. மூன்று வாரம் கழித்து, காலனியில் குடியிருக்கும் பதினெட்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு என்று தீர்மானமாயிற்று.

ஃபெபி ஓட்டுப் போட்டுவிட்டுப் பூரிப்போடு வெளியே வந்தால், காலனியைப் பெருக்கி, மோட்டார் ரூமிலேயே தங்கியிருக்கும் ஜெகதாம்பாள் விளக்குமாற்றோடு நிற்கிறாள்.

"நீங்க போடலியாக்கா?"

"மோட்டார் ரூமுக்கு டோர் நம்பர் கெடையாதாம் டீச்சர். அதனால ஓட்டும் கெடையாதாம்."

ஃபெபி அங்கேயே படியில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தாள். "மறுபடியும் மாடி ஏறணுமா?" என்று முனகிக்கொண்டே பூபாலன் கூடவே கிளம்பினார்.

மோட்டார் ரூமுக்கும் ஓட்டு வாங்க ஆறு மாதம் பிடித்தது. ஜெகதாம்பாள் கைதூக்கிய முதல் கூட்டத்தில், குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்பதில் ஃபெபி சொன்ன இடத்துக்கு எதிராகவே ஓட்டுப் போட்டாள். ஒரே ஓட்டில் ஃபெபி தோற்றாள். அன்று முழுக்க ஃபெபிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.